கடல் கடந்து சென்ற நம்மவர்

(மறைபரப்பு ஞாயிறன்று பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1926-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார். அன்று முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் செபிக்கிறோம், காணிக்கை எடுக்கிறோம். ஆனால் மறைபரப்பாளர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது யார்? வெள்ளை அங்கியும் நீண்ட தாடியுமாகக் கப்பலிலிருந்து இறங்கும் ஐரோப்பியர்தாம். அதில் தவறில்லை. சவேரியார் ஸ்பெயின் நாட்டவர், அருளானந்தர் போர்த்துகல் நாட்டவர், வீரமாமுனிவர் இத்தாலியர். நம் நெல்லைச் சீமை அவர்களிடமிருந்து பெற்றது மிகுதி. பெற்றுக்கொண்டே இருந்த இந்தியா, கொடுத்ததும் உண்டா? உண்டு. அந்த வரலாறு நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லை என்றாயிற்று. குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கும் கடுந்தண்டனை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. குழந்தையாயிருந்தவர்கள் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டார்கள்; ஒரு குருவின் முகத்தை அவர்கள் கண்டதில்லை.

இந்தச் செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் நெஞ்சைத் தைத்தது. அவர்தாம் சூசை வாஸ். 1651-இல் பெனாலிம் ஊரில் பிறந்த கொங்கணர். அந்நாளில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்க்கவில்லையே என்று இந்தியக் குருக்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டிருக்கவில்லை. தாங்களே ஒன்றுகூடி வாழத் தொடங்கினார்கள். 1685-இல் வாஸ் அடிகளும் அவர்களுடன் சேர்ந்தார். அதுவே கோவாவின் ஒரட்டோரியன் சபை. இந்தியரே நடத்தி, இந்தியரையே அயல்நாட்டுக்கு அனுப்பிய மறைபரப்புச் சபை அது! பணத்திலும் செல்வாக்கிலும் எளிய சபை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவாவிலிருந்து தெற்கே வந்தவர் நம் தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றார். இங்கிருந்து நூறு கிலோமீட்டர்தான். 1687-இல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். யோவான் என்ற இளைஞர் ஒருவரும் உடன் சென்றார். யோவான் அப்போது குருவல்லர். பெரியவர்களின் கதையைச் சொல்லும்போது இப்படிப்பட்ட துணைவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

போய் இறங்கியதும் என்ன நேர்ந்தது? வயிற்றுக்கடுப்பு! உயிர் பிழைப்பதே அரிதாயிருந்தது. யாரோ ஒரு பெண் இரங்கிக் கஞ்சி கொடுத்ததாக அவர் வரலாற்றில் காண்கிறோம். எழுந்து நடமாடியதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சையெடுத்தார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மலர்கிறது என்று பார்த்து நம்மவரை அடையாளம் கண்டுகொண்டார்! பிறகு இரவு நேரங்களில், சில்லாலை போன்ற ஊர்களில், மறைவாகத் திருப்பலி.

1692-இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துகீசிய ஒற்றன் என்று அரசனிடம் கோள் சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். சிறையில் சிங்களம் கற்றார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டு நீங்கினான். மக்களும் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளும், கோவாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த மற்றொரு குருவும் நோயுற்றவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். என் சமயத்தவன், உன் சமயத்தவன் என்று பார்க்கவில்லை. கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே உயிர் துறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவருக்குப் பின்னும் பணி நிற்கவில்லை. 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் வாசிக்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ அவருடையதே. குரு இல்லாத நாட்களில் ஊரார் சபையைக் கட்டிக்காத்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்களும். அதாவது உங்களைப் போன்ற குடும்பத்தார்.

சில நாட்களுக்கு முன் நம் பங்குத் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சாமி, இங்கேயே சாமியார் பத்தலைன்னு சொல்லுறீங்க. எம்மவன் எதுக்கு ஆப்பிரிக்காவுக்குப் போவணும்? மேலுக்கு முடியலைன்னா யாரு கஞ்சி வச்சுக் கொடுப்பா?” கேலியாகக் கேட்கவில்லை, கண் கலங்கக் கேட்டார். நியாயமான கேள்வி. வசனம் ஒன்றைச் சொல்லி அந்த அம்மாளின் வாயை அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் கேள்விக்கு என் எண்ணம் இது. நமக்குக் குருக்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு வேறு, அறவே இல்லாமை வேறு. நம் கோயிலில் ஒரு ஞாயிறு பூசை தாமதமானால் முகம் சுளிக்கிறோம். மாதம் ஒருமுறை பூசை கண்டால் போதும் என்றிருக்கும் மக்களும் உலகில் உண்டு. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் தாத்தாக்கள் தேயிலைத் தோட்டத்துக்கென்று கண்டிச் சீமைக்குப் போனார்கள். இன்று தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்துப் பிள்ளைகள் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறார்கள். வழியனுப்பும்போது அழுகிறோம், ஆனாலும் அனுப்புகிறோம். சம்பளத்துக்கு அனுப்ப இசைகிற மனம், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

இரண்டாம் கேள்விக்கு யாழ்ப்பாணத்துப் பெண்ணைத்தான் காட்ட முடியும். யாராவது கஞ்சி கொடுப்பார்கள் என்று நான் உறுதி கூற முடியாது. வாஸ் அடிகளின் தாய்க்கும் அந்த உறுதியை யாரும் கொடுக்கவில்லை.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வெளிநாடு பார்க்கலாம் என்ற ஆசையில் சபையைத் தேடாதீர்கள். இன்று நம் தமிழ்க் குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றுகிறார்கள். குற்றாலச் சாரலில் வளர்ந்த உடம்பு பனியிலும் நடுங்கும், பாலையிலும் வாடும். அதைவிடப் பெரிய துன்பம் மொழி. பெரிய படிப்புப் படித்தவரும் அங்கே கடைக்குப் போய் உப்பு கேட்கத் தெரியாமல் குழந்தைபோல் நிற்க வேண்டும். அந்தத் தாழ்ச்சியைப் பொறுக்க முடியாதவர் போகாமலிருப்பதே அந்நாட்டு மக்களுக்குச் செய்யும் உதவி.

ஜனவரி 16 புனித சூசை வாஸின் திருநாள். பொங்கலை ஒட்டி வருகிறது. அன்று மாலைத் திருப்பலிக்குப் பின், சபைகளைப் பற்றி விவரம் கேட்க விரும்பும் இளைஞர்கள் பங்கு இல்லத்துக்கு வரலாம். வரும்போது அம்மாவையும் அப்பாவையும் கையோடு அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்க வேண்டியதும் இருக்கும்.