ஒரு மாத்திரையும் ஒரு முடிவும்
தண்டுவட மரப்பு நோய்க்கு மாற்று மருந்து: தொலைக்காட்சி மருத்துவ அரங்கில் ஆற்றப்பட்ட உரை



முப்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் எழும்போது இடது கண்ணில் பார்வை மங்கியிருக்கிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் அது தானாகவே தெளிந்துவிட, வீட்டில் எல்லாரும் அதை மறந்துபோகிறார்கள். ஓராண்டு கழித்து இரண்டு கால்களும் மரத்துப்போய் மாடிப்படி ஏற முடியவில்லை. இம்முறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த நரம்பியல் நிபுணர், 'மல்ட்டிபல் ஸ்கிளிரோசிஸ்' என்கிறார். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று சொல்வார்கள். ஊசி மருந்து ஆரம்பிக்கலாம் என்று எழுதியும் கொடுக்கிறார்.

அந்த வாரமே வீட்டுக்கு வருகிறார் மாமா ஒருவர். "ஊசியெல்லாம் எதுக்கும்மா? ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு சின்ன மாத்திரை. விலையும் மலிவு, பக்கவிளைவும் கிடையாதாம். வெளிநாட்டில் எத்தனையோ பேர் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடக்கிறார்களாம்" என்கிறார். மாமாவின் அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. அந்த மாத்திரையும் கட்டுக்கதை அல்ல. அதன் பெயர் நால்ட்ரெக்ஸோன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நால்ட்ரெக்ஸோன் நரம்பு நோய்க்காகச் செய்யப்பட்ட மருந்தே அல்ல. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்ட போதைப்பித்தர்கள் மறுபடியும் அதில் விழாமல் இருப்பதற்காக 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்பது அதன் வழக்கமான அளவு. ஹெராயினும் மார்ஃபினும் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை இது அடைத்துவிடும். நியூயார்க் மருத்துவர் பெர்னார்ட் பிஹாரி 1980களின் நடுவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இதை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் படுக்கப்போகும்போது 4.5 மில்லிகிராம், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, உட்கொள்ளும் முறை. சில மணி நேரம் மட்டும் அந்த இடங்களை அடைத்தால், உடல் அதை ஈடுகட்டத் தன் சொந்த வலி நிவாரணியான எண்டோர்ஃபினை அதிகமாகச் சுரக்கும், அது நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீர்ப்படுத்தும் என்பதே கருத்து. கருத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகான கருத்துகள் பல, நோயாளியின் உடம்பில் எடுபடாமல் போனதுண்டு.

சரி, நோய் என்ன செய்கிறது? மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்புகளுக்கு மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு மண்டலமே வழிதவறி அந்த உறையைத் தாக்குகிறது. மூளையிலும் முதுகுத் தண்டிலும் எந்த இடத்தில் உறை சிதைகிறதோ அதைப் பொறுத்துக் கண்ணோ காலோ சிறுநீர்ப்பையோ பாதிக்கப்படும். சுமார் 85 விழுக்காட்டினருக்கு இது வந்து வந்து போகும் நோயாகவே ஆரம்பிக்கிறது. ஒரு தாக்குதல் வரும், பிறகு மருந்து எதுவும் இல்லாமலேயே பெரும்பாலும் தணியும்.

இந்தத் தணிவுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். கால் மரத்துக் கிடக்கும் வேளையில் மாத்திரையோ மூலிகையோ சின்சே கொடுத்த கஷாயமோ எதைச் சாப்பிட்டாலும் அடுத்த சில வாரங்களில் கால் தேறும். தேறியவர் பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறார். மருந்தினால் தேறினாரா, மருந்து இல்லாமலே தேறியிருப்பாரா என்பதை அவராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்து, எது யாருக்கு என்பதை மருத்துவருக்கும் நோயாளிக்கும் மறைத்துச் சோதிக்கிறார்கள்.

நால்ட்ரெக்ஸோனுக்கும் அந்தச் சோதனை நடந்திருக்கிறது. இத்தாலியில் 40 நோயாளிகளிடம் ஆறு மாதங்கள் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தசை இறுக்கம் குறைந்ததாக அது கூறியது. ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிடவில்லை. 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வு வந்தது. அதில் 80 பேர் சேர்ந்தார்கள், 60 பேர் முடித்தார்கள். ஒவ்வொருவரும் எட்டு வாரம் மருந்தையும் எட்டு வாரம் வெற்று மாத்திரையையும் மாறி மாறி உட்கொண்டார்கள். ஒருவர், தமக்குக் குணம் தெரிகிறது என்று சொல்லிப் பாதியிலேயே விலகிக்கொண்டார்! மனநலம் சற்று மேம்பட்டது, வலியின் தொல்லை குறைந்தது என்று முடிவு வந்தது. சோர்வு, பார்வை, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றில் மாற்றம் இல்லை. அதே ஆண்டில் ஈரானில் 96 பேரிடம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளில் ஒன்றுகூட, தாக்குதல்கள் குறைந்தன என்றோ புதிய வடுக்கள் தோன்றாமல் நின்றன என்றோ காட்டவில்லை. எட்டு வாரத்தில் அதைக் காட்டவும் முடியாது. மாமாவின் பேச்சில் விட்டுப்போனது இதுதான். நன்றாக இருப்பதுபோல் உணர்வது வேறு, நோய் அடங்கியிருப்பது வேறு. நோயாளி எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலைக்குப் போய்வரும் நாள்களிலேயே ஸ்கேனில் புதிய வடுக்கள் தெரிவது இந்நோயில் சாதாரணம்.

பெரிய ஆய்வு ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காப்புரிமை முடிந்துபோன மலிவு மருந்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வு நடத்த எந்த நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை. ஆனால் ஆய்வு நடக்காததை, மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகக் காட்டக்கூடாது.

தொலைக்காட்சிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 2013இல் நோர்வேயின் டிவி2 அலைவரிசை இம்மருந்தைப் பற்றி ஒரு விவரணப்படம் காட்டியது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் மருத்துவரிடம் கேட்டு வாங்கத் தொடங்கினர். அந்நாட்டில் மருந்தகத்தில் வாங்கும் ஒவ்வொரு மருந்துச்சீட்டும் பதிவாகிறது. அந்தப் பதிவேட்டை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வந்தது. நால்ட்ரெக்ஸோன் சாப்பிடத் தொடங்கிய தண்டுவட மரப்பு நோயாளிகள் மற்ற மருந்துகளைக் குறைத்துக்கொண்டதாக அதில் தெரியவில்லை. அது அத்தனை பெரிய பலனைத் தந்திருந்தால் மற்ற மருந்துகளின் தேவை குறைந்திருக்குமே!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1993இல் வந்த இண்டர்ஃபெரான் ஊசி தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தது. போட்ட மறுநாள் காய்ச்சல் கண்டதுபோல் உடம்பு முறியும். காப்புறுதி இல்லாத குடும்பத்தால் எளிதில் தாங்கக்கூடிய விலையும் அல்ல. 2004இல் வந்த நட்டாலிசுமாப், மூளையில் அபூர்வமான கிருமித் தொற்றை உண்டாக்கியதால் 2005இல் மீட்டுக்கொள்ளப்பட்டு, மறு ஆண்டு கட்டுப்பாடுகளோடு திரும்பியது. அந்தக் காலத்தில் நோயாளிகள் வேறு வழி தேடியதில் வியப்பில்லை. ஆனால் 2010இல் ஃபிங்கோலிமோட் மாத்திரையாகவே வந்துவிட்டது. 2017இல் அனுமதி பெற்ற ஒக்ரெலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றப்படுகிறது. ஊசிக்குப் பயந்துதான் நால்ட்ரெக்ஸோனைத் தேடுகிறார் என்றால், அந்தப் பயத்தை நிபுணரிடமே சொல்லலாம். கூடுதலாக அதையும் சாப்பிட்டுப் பார்க்க விரும்பினால், பல மருத்துவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆபத்து, இதற்காக அதை நிறுத்துவதில்தான்.

எந்த மருந்தைத் தொடுவதற்கு முன்பும் ஆசியர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டு. கண்ணையும் முதுகுத் தண்டையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் நெடுங்காலம் தண்டுவட மரப்பு நோயாகவே எண்ணப்பட்டது. ஆசிய மக்களிடையே அதன் பங்கு பெரிது. 2004இல்தான் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரே தாக்குதலில் கண் பார்வை போய்விடக்கூடும். இண்டர்ஃபெரானும் ஃபிங்கோலிமோட்டும்கூட அதை மோசமாக்கலாம். நம் கற்பனைப் பெண்ணுக்கு வந்த கண் மங்கலும் கால் மரப்பும் அந்த நோயாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் ஊசியா மாத்திரையா என்று வாதிடுவது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் டிக்கெட் விலையைப் பேசுவதுபோல.

நால்ட்ரெக்ஸோனை மருத்துவரிடம் சொல்லாமல் வரவழைத்துச் சாப்பிடுவோருக்கு ஒரு வார்த்தை. மார்ஃபின் இனத்து மருந்துகளோடு இது சேராது. முட்டி வலிக்குக் கொடுக்கும் டிரமடோல், கோடின் கலந்த இருமல் மருந்து எல்லாம் அந்த இனம்தான். அவற்றை வழக்கமாகச் சாப்பிடுகிறவர் இதையும் விழுங்கினால் வாந்தி, நடுக்கம், வியர்வை என்று உடம்பு ஒரேயடியாக முரண்டு பிடிக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இரவு மாத்திரையைப் பற்றி மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.