வீட்டைச் சீர்செய்து வாருங்கள்

(அறுவைச் சிகிச்சைக்குப் பதிவு செய்துள்ள கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்து நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நம் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. நம் ஆதரவாளர்களும் வாசிக்கும்படி இங்கே அச்சிடுகிறோம்.)



எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களைச் சீர்செய்துகொள்ளச் சொன்னார் என்று வேதத்தில் வாசிக்கிறோம். சாகப் போகிறவருக்குச் சொன்ன வார்த்தை அது. ஆனால் ராஜா சாகவில்லை. பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்தார்கள். ஆயுசிலே இன்னும் 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன. ஆபரேஷன் என்றதும் நம் ஜனங்களும் சாவை நினைத்தே வீட்டைச் சீர்செய்கிறார்கள். நகையை அக்காவிடம் ஒப்படைப்பார்கள், சீட்டுக் கணக்கை மகனிடம் சொல்வார்கள். பிழைத்து வீடு திரும்பினால் எங்கே படுப்பது, யார் தண்ணீர் எடுப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. உங்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துத்தான் வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். அதைப் பற்றியே பேச வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. முந்தின இரவு அவர் கட்டிலருகே நின்று ஜெபித்தேன். அவர் முகம் தெளிந்தது, எனக்கும் திருப்தி. எல்லாம் நல்லபடியாக முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். பதினைந்தாம் நாள் லோடு தூக்கப் போய்விட்டார். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் குடல் இறங்கிவிட்டது.

"ஏனப்பா போனீர்?" என்று சற்றுக் கடிந்தே கேட்டேன். "லைன் வீட்டு வாடகை இருக்குதே ஐயா. போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். குழாயோ தெருமுனையில், வீட்டில் அவளுக்கு நிறைமாதம். குடம் நான்தான் தூக்கணும்" என்றார். அவர் பர்சுக்குள் ஈ.எஸ்.ஐ. அட்டை நாலாய் மடிந்து கிடந்தது. அதனால் என்ன கிடைக்கும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருக்காக ஜெபித்த நானும் கேட்கவில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

ஆகையால் முதலில் கூலியைப் பற்றிச் சொல்கிறேன். ஈ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுகிறவர்கள், தேவையான நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோய்க்கால உதவித்தொகை பெறலாம். சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். கட்டுப் போட்ட பிறகு அலைவதைவிட, ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் விசாரித்து வாருங்கள்.

அடுத்தது தண்ணீர்க் குடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெரிய பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ வரும். வயிற்றில் தையல் போட்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு வாரம், அதைத் தொடலாகாது. மாவு கிரைண்டர், கேஸ் சிலிண்டர், இடுப்பில் ஏறும் குழந்தை எல்லாம் அப்படியே. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நம் தாய்மார்கள் சுலபமாய்ச் சொல்லிவிடுவார்கள். அம்மா, நீங்கள் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விஷயம். யார் எடுப்பார் என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

பாயில் படுத்து எழுவது அடிவயிற்றை இழுக்கும். ஒரு மாதத்துக்குக் கட்டில் இரவல் வாங்குங்கள். முழங்கால், இடுப்பு ஆபரேஷன் என்றால் குந்தி உட்காரும் கழிப்பறை ஆகாது. நடுவில் துளையிட்ட நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். இரவில் நடக்கும் வழியில் ஒரு விளக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவதும் இருக்கட்டும். தகரக் கூரையின் கீழ் வியர்வை கொட்டும். புண்ணின் கட்டு ஈரமாகாமல் பாருங்கள்.

பீடி, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள் நாலு வாரம் முன்பே நிறுத்தினால் மிகவும் நல்லது. புகைக்கிறவருக்குச் சளி கட்டும், இருமுவார். இருமினால் தையல் வலிக்கும். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால் பாவம் பார்த்து ஒரு இட்லி ஊட்டிவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து.

தியேட்டரில் உங்கள் பெயரையும், எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பெயரைக்கூட மறந்துவிட்டார்களே என்று ஒரு பாட்டியம்மா கோபித்துக்கொண்டார்! மறதியல்ல. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியல்படி கேட்கிறார்கள். அதை முதலில் 8 நாடுகளின் 8 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். டெல்லியிலுள்ள மிஷன் மருத்துவமனையான செயின்ட் ஸ்டீபன்ஸும் அதில் ஒன்று. 2009-ல் வெளியான முடிவின்படி, ஆபரேஷனுக்குப் பின் மரணம் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆகவே எத்தனை தரம் கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனபின் பத்தியம் என்ற பேரில் கஞ்சியை மட்டும் கொடுத்து ஆளை மெலியவைக்கிறோம். பருப்பு தின்றால் சீழ் பிடிக்கும் என்பது சரியல்ல. மருத்துவர் விலக்காதவரை பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் கொடுங்கள். புண் ஆற அவை வேண்டும். படுத்தே கிடக்காமல் சொன்னபடி எழுந்து நடக்க வேண்டும், இல்லையேல் காலில் இரத்தம் உறையலாம். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு கால் மட்டும் வீக்கம், ஓயாத வாந்தி, இவற்றில் எது கண்டாலும் மறு பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

அந்தச் சகோதரருக்கு இரண்டாம் முறை ஆபரேஷன் நடந்தது. இந்தத் தரம் ஜெபிப்பதற்கு முன்பு, "தண்ணீர் யார் எடுப்பார்?" என்று கேட்டேன். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒடிசா வாலிபன் ஒருவன், தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாதவன், தான் எடுப்பதாகச் சொன்னானாம். ஷிப்ட் முடிந்து வந்து ஆறு வாரமும் எடுத்துக் கொடுத்தான்.

சிஸ்டர் அம்மா இப்போது உங்கள் ஒவ்வொருவரிடமும் வருவார்கள். உங்கள் வீட்டில் குடம் தூக்கப் போகிறவர் பெயரை அவர்களிடம் எழுதிக் கொடுங்கள்.