நாமக்கல்லில் ஒரு காலை நடை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். நான் ஃபெயிலான ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன்.

2018-ல் பயிற்சிக்காக மூன்று மாதம் ஜெர்மனியில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோதன்பர்க் என்ற ஊருக்குப் போனேன். டாபர் நதிக்கு மேலே, மதில் சூழ்ந்த பழைய ஊர். கையில் மடித்த வரைபடம் ஒன்று. கூட யாரும் கிடையாது. மதில்மேலேயே கூரை போட்ட நடைபாதை. 1945 மார்ச் 31 அன்று குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பக்கம் இடிந்துபோனது. மதிலைத் திரும்பக் கட்ட வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வருஷம் அங்கே என்னோடு வேலை பார்த்தவர் இங்கு வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறை பார்க்க நாமக்கல் அழைத்துப் போனேன். மலையைப் பார்த்துவிட்டு, "மேலே என்ன?" என்றார். கோட்டை என்றேன். "யார் கட்டியது? உள்ளே என்ன இருக்கிறது?" எனக்குத் தெரியவில்லை! நாலு வருஷம் பஸ்ஸில் அந்தப் பாறையைத் தாண்டித்தானே போய் வந்தேன்? பரீட்சைக்கு முன்னால் ஆஞ்சநேயரைக் கும்பிட்டதோடு சரி.

போன பொங்கல் லீவில் மகளோடு நடந்தே பார்த்தேன். நீங்களும் போகலாம், வழிகாட்டி தேவையில்லை.

பாறை சுடுவதற்குள் முதலில் கோட்டை. தென்மேற்குப் பக்கம் பாறையிலேயே வெட்டிய படிகள். ராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பது ஊர் வழக்கு. 1768-ல் கும்பினிப் படை பிடித்தது. ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். அஸ்திவாரம் தோண்ட வழியில்லாத பாறைமேல் மதிலை நிறுத்தியிருக்கிறார்கள். சிவில் தம்பிகள் அதன் அடிவரிசையைக் குனிந்து பார்க்க வேண்டும். மேலே பெருமாள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது.

இறங்கினால் கமலாலயக் குளம். அப்புறம் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். அவர் பார்க்கிற திசையில் போனால் நரசிம்மர் குடைவரை. அதியமான் மரபினர் காலத்தது, எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், வராகர், உலகளந்த பெருமாள் எல்லாம் மலையோடு ஒட்டிய ஒரே கல். நான் அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன். எங்கள் பட்டறையில் தப்பாக வெட்டினால் வெல்டிங் வைத்துச் சமாளிப்போம், அல்லது வேறு தகடு எடுப்போம். இங்கே ஒரு உளி தவறினால் மாற்றுக் கல் ஏது? எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. மூக்கு நுனிவரை கணக்குப் போட்டபிறகுதான் முதல் அடி விழுந்திருக்கும்.

இங்குள்ள நாமகிரித் தாயார்தான் ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். மலையைச் சுற்றிக் கிழக்கே போனால் பள்ளிகொண்ட ரங்கநாதர், இன்னொரு குடைவரை. கடைசியாக நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லம். அவர் பிறந்தது 1888-ல், பக்கத்து மோகனூரில். முட்டையும் லாரியும்தான் நாமக்கல் என்று நான் வெளியூரில் சொல்லித் திரிந்தேன், வேறென்ன சொல்ல!

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சர்வே வகுப்பில் கல்லூரி மைதானத்தையே எத்தனை தடவை அளப்பீர்கள்? இந்த வழியை அளந்து, எண் போட்டு, ஒரே தாளில் தமிழில் வரைபடம் போடுங்கள். அச்சுச் செலவு எங்கள் செட்டுடையது, பேசி முடித்துவிட்டோம்.

நாளை காலை ஆறு மணிக்குக் குளக்கரையில் நிற்பேன். ஷூ வேண்டாம், செருப்பில் வாருங்கள். அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில் அவரவர் பொறுப்பு.