சின்னத்திரையில் பத்தாம் வகுப்புக் காதல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டி.வி. சீரியல்ல வர்ற பள்ளிக்கூடக் காதலைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். "ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு இது தேவையாய்யா?" என்றேன். "ஜெமினி கணேசன் பிறந்த ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிச் சொல்லலாமா சார்?" என்று மடக்கிவிட்டார்.

2006-இல் விஜய் டி.வி.யில் 'கனா காணும் காலங்கள்' தொடங்கியபோது, "இதைப் பாத்துத்தான் பிள்ளைங்க கெடுது" என்று பெற்றோர்கள் என்னிடம் புலம்பினார்கள். நானும் தலையாட்டினேன். பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சினிமாக் கதாநாயகன் மாதிரி பாட்டுப் பாடித் துரத்துகிறவர்கள் இல்லை. யூனிபார்ம் போட்ட, பேச வாய் வராத பிள்ளைகள். நிஜம் அதுதானே? '96' படத்தில் (2018) தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துப் பையன், அவள் நெஞ்சில் கை வைத்ததும் மயங்கியே விழுந்துவிடுகிறான். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1977-இல், பத்தாம் வகுப்பில், ஒரு பெண்ணின் கணக்கு நோட்டுக்குள் கடிதம் வைத்தேன். நாலே வரி. அதில் இரண்டு வரி பரீட்சையைப் பற்றி! பிடிபட்டது. எனக்கு நாலு பிரம்படி, அவ்வளவுதான். அந்தப் பெண் மறுவாரத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அதோடு அவள் படிப்பு போச்சு. நான் மேலே படித்து, இந்தக் கல்லூரிக்கும் வந்து, வாத்தியாரும் ஆனேன்.

பையனின் தடுமாற்றத்தைச் சீரியல்கள் ரசிக்கும்படி காட்டுகின்றன. அந்தப் பெண் வீட்டுக்குப் போனபின் நடப்பதைக் காட்டுவது குறைவு. 2004-இல் வந்த 'காதல்' படம் காட்டியது. மதுரைப் பள்ளி மாணவியின் வீட்டார் செய்ததைப் பார்த்தபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்களே, நினைவிருக்கிறதா? பிறகு என் வகுப்புப் பெண்களும் சைக்கிளில் வந்தார்கள். ஒரு கடிதம் வீட்டுக்குத் தெரிந்தால் முதலில் பறிபோவது அந்தச் சைக்கிள்தான். அதனால் என் கைக்குக் கிடைத்த கடிதம் எதையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. எழுதினவனைத் தனியே கூப்பிட்டு, எழுத்துப்பிழையைத் திருத்தி, கிழித்துப் போடச் சொல்வேன். தலைமையாசிரியர் ஒருவர் இதற்காக என்னைக் கண்டித்ததும் உண்டு.

2022-இல் அதே தொடர் ஹாட்ஸ்டாரில் மறுபடி வந்தது. புது முகங்கள், கையில் போன். கடிதம் எழுதுகிற வேலை மிச்சம். திணறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாப்பாடு ஆறிவிடும்.