எரிமலையின் மடியில் பாலித் தீவு

பள்ளி விடுமுறை வந்ததும் நம்மவர்களில் பலர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் புறப்படுகிறார்கள். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விமானத்தில் சுமார் மூன்று மணி நேரப் பயணம். கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவர்களைக் கேட்டால் கடற்கரை அழகு, கோயில்கள் அழகு, வயல்கள் அழகு என்பார்கள். ஆனால், வடக்குக் கடற்கரையில் மணல் கறுப்பாகவும் தெற்கே வெள்ளையாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால் பதில் வராது. அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாலியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பாலியில் நாம் காண்பதும் உண்பதும் பெரும்பாலும் எரிமலை தந்தவையே. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் திசையைப் பார்ப்போம். நமக்குத் திசைகள் சூரியனை வைத்து அமைந்தவை. பாலி மக்களுக்கோ மலையை வைத்து அமைந்தவை. மலைப்பக்கம் 'காஜா', கடற்பக்கம் 'கெலோட்'. ஆகவே தீவின் தெற்கே இருப்பவருக்கு காஜா என்பது வடக்கு. வடக்கே இருப்பவருக்கு அதே காஜா தெற்கு! வீட்டுக் கோயிலை மலைப்பக்கம் வைப்பார்கள். தூய்மை குறைந்தவற்றைக் கடற்பக்கம் வைப்பார்கள். அந்த மலைகளுள் தலையாயது குனுங் அகுங். உயரம் 3,000 மீட்டருக்கு மேல். நம் மாமன்னரை 'அகோங்' என்கிறோமே, அதே சொல்தான் இந்த 'அகுங்'. மகத்தானது என்று பொருள். அதன் சரிவில் பாலியின் தாய்க்கோயிலான பெசாக்கி படிப்படியாக ஏறி நிற்கிறது. பிரமன், திருமால், சிவன் ஆகிய மூவருக்கும் அங்கே இடம் உண்டு.

இந்த மலை கொடுப்பது மட்டுமன்று, எடுத்துக்கொள்வதும் உண்டு. 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் அகுங் குமுறத் தொடங்கியது. மார்ச் 17ஆம் நாள் பெருஞ்சீற்றம். கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சரிவுகளில் பாய்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிமலைக் குழம்போ பெசாக்கிக் கோயிலை மயிரிழையில் விலகிச் சென்றது. 2017இல் அகுங் மறுபடியும் விழித்தபோது நிலைமை வேறு. நிலநடுக்கப் பதிவுகளைக் கவனித்து வந்த அறிஞர்கள் முன்கூட்டியே எச்சரித்தனர். 1,40,000க்கும் மேற்பட்ட மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது. ஆனால் 1963இன் பேரழிவு திரும்ப நேரவில்லை. எச்சரிக்கையை மதித்ததன் பயன் அது.

அகுங்குக்கு வடமேற்கே பாத்தூர் மலை இருக்கிறது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாபெரும் எரிமலை வெடித்து உள்ளே சரிந்தது. அப்படி உண்டான பெரும்பள்ளத்தின் நடுவே பிறகு எழுந்ததே இன்றைய பாத்தூர். அதன் அடியில் பிறைநிலா போன்ற ஏரி. பாத்தூரின் உயரம் 1,717 மீட்டர். விடிவதற்கு முன் உள்ளூர் வழிகாட்டியோடு புறப்பட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உச்சியை அடையலாம். பாறை இடுக்குகளிலிருந்து வரும் ஆவியில் முட்டையை அவித்துத் தருவார்கள். இறங்கி வந்து ஏரிக்கரை வெந்நீர் ஊற்றில் கால் வலியைப் போக்கிக்கொள்ளலாம். 1926இல் எரிமலைக் குழம்பு இங்கிருந்த பாத்தூர் கிராமத்தை மூடிவிட்டது. மக்கள் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே குடியேறி, தங்கள் கோயிலையும் அங்கேயே புதிதாக எழுப்பினார்கள். அது ஏரித் தெய்வமான தேவி தானுவின் கோயில்.

ஏரிக்கு ஏன் தெய்வம் என்கிறீர்களா? பாலியின் வாழ்வே தண்ணீரில் இருக்கிறது. மலைமேல் பெய்த மழை ஏரிகளில் தங்கி, துளைகள் நிறைந்த எரிமலைப் பாறையில் இறங்கி, கீழே ஊற்றாகப் பெருகுகிறது. தம்பாக்சிரிங் என்ற ஊரில் உள்ள தீர்த்த எம்புல் கோயிலில் அத்தகைய ஊற்று நீர் வரிசையான குழாய்களில் கொட்டுகிறது. மக்கள் நீராடி வழிபடுகிறார்கள். அந்த நீர்தான் மலைச்சரிவைப் படிக்கட்டாக வெட்டிய வயல்களுக்கும் போகிறது. ஒரே வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளின் சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுபாக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் கோயில் உண்டு. எந்தச் சுபாக் எப்போது நடவு செய்வது, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதையெல்லாம் அந்தக் கோயில்களில் கூடித்தான் முடிவு செய்வார்கள்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிலர் நினைத்த காலமும் இருந்தது. 1970களில் புதிய நெல் வகைகள் வந்தன. ஓயாமல் பயிரிடுங்கள், அதிக விளைச்சல் எடுங்கள் என்று அரசாங்கம் ஊக்கியது. கோயில் முறை கைவிடப்பட்டது. விளைவு என்ன? எப்போதும் ஏதோ ஒரு வயலில் பயிர் நின்றதால் புகையான் பூச்சிக்கு எப்போதும் இரை கிடைத்தது. மருந்தடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது; விளைச்சல் நாசமாயிற்று. விவசாயிகள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். பின்னர் ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியல் அறிஞர் கணினியின் துணையோடு இதை ஆராய்ந்தார். அக்கம்பக்கத்து வயல்கள் ஒன்றாகக் காய்ந்தால் பூச்சி பட்டினியாய்ச் சாகும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டையும் சமன் செய்யும் ஏற்பாடே கோயில் முறை என்பது அவர் கண்ட உண்மை. 2012இல் யுனெஸ்கோ சுபாக் முறையை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. ஜாத்திலுவே என்ற ஊருக்குப் போனால் அந்தப் படிக்கட்டு வயல்களின் வரப்பில் நடந்து பார்க்கலாம்.

இனி, சாப்பாட்டுக்கு வருவோம். சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், இஞ்சி, லெங்குவாஸ், மிளகாய், புவா கெராஸ், பெலாச்சான் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதுதான் பாலிச் சமையலின் அடிப்படை. அதைக் கோழிக்குள் திணித்து, இலையில் சுற்றி, உமித்தணலில் மணிக்கணக்காக வேகவிட்டால் ஆயாம் பெதுத்து. அரைத்த மீனோடு தேங்காய் சேர்த்துச் செராய்த் தண்டில் பிடித்துச் சுட்டால் சாத்தே லிலிட். பன்றி இறைச்சி பரவலாக உண்ணப்படும் இடம். வேண்டாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. அகுங் சரிவில் விளையும் சாலாக் பழத்தையும், கிந்தாமணி மலைப்பகுதியில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வளரும் காப்பியையும் விட்டுவிடாதீர்கள். குசாம்பா கடற்கரையில் கறுப்பு மணலில் கடல்நீரைத் தெளித்துக் காயவைத்து, அந்த மணலிலிருந்து உப்பு எடுக்கும் குடும்பங்களையும் காணலாம்.

இப்போது அந்த மணல் கேள்விக்கு விடை. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் எரிமலைக் கல் பொடியான மணல், அது கறுப்பு. தெற்கு முனையோ பவளமும் சிப்பியும் சேர்ந்து உண்டான சுண்ணாம்புக்கல் நிலம். அதன் மணல் வெளுப்பு. கிழக்கே துலாம்பென் கடற்கரைக்கு அருகே ஓர் அமெரிக்கக் கப்பல் நீருக்குள் கிடக்கிறது. 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதால் கரையில் ஏற்றிவிடப்பட்ட கப்பல் அது. 1963இல் எரிமலை அதிர்ச்சி அதைக் கடலுக்குள் தள்ளியது. இன்று பவளமும் மீன்களும் குடியிருக்கும் வீடு. நீந்தத் தெரிந்தவர்கள் கண்ணாடி அணிந்து பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. கோயிலுக்குள் சாரோங் கட்டாமல் நுழையாதீர்கள். வாசலில் பூவும் சோறும் வைத்த ஓலைத் தட்டுகளை மிதிக்காதீர்கள். சக ஆண்டுப் பிறப்பான 'ஞெபி' நாளில் தீவே அடங்கிக் கிடக்கும். விமானமும் கிடையாது, வெளியே நடமாட்டமும் கிடையாது. மலையேற்றம் தடை செய்யப்பட்டிருந்தால் வழிகாட்டியிடம் பேரம் பேசாதீர்கள்.

முடிவாக ஒன்று. பாலியில் இன்று வயல்கள் விடுதிகளாக மாறி வருகின்றன. விடுதியின் நீச்சல் குளத்துக்கும் விவசாயியின் வாய்க்காலுக்கும் தண்ணீர் ஒரே மலையிலிருந்துதான் வருகிறது. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் 1,50,000 ருப்பியா கட்டணம் வாங்குகிறார்கள். பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் காக்க என்கிறார்கள். கட்டணம் கட்டியதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அங்கே தங்கும் நாள்வரை நாமும் அந்தத் தண்ணீரின் பங்காளிகள். நூற்றாண்டுகளாக அதைப் பகிர்ந்து வாழ்ந்தவர்களின் ஊருக்குப் போகிறோம் என்பதை மனத்தில் வைத்துக் குழாயைத் திறப்போம். பிள்ளைகளையும் அப்படியே பழக்குவோம்.