சத்தமில்லாம காலியாகுற சிலிண்டர்

கெக் பத்திப் பேசினதுலருந்து நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் அனுப்புறீங்க. புதுசா நிரப்பின சிலிண்டர் ஒரே வாரத்துல காலி, பியர் அப்படியே இருக்கு, கேஸ் எங்க போச்சு? இன்னைக்கு அது மட்டும்தான்.

முன்னாடி ஒரு விஷயம். நான் பேசுறது டெக்சாஸ்லருந்து. அமெரிக்காவுல 1979லருந்து மத்திய அரசு சட்டப்படி, ரெண்டு பெரியவங்க இருக்குற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் சொந்தத்துக்கு பியர் காய்ச்சலாம், விக்கக் கூடாது. தமிழ்நாட்டுல வீட்டுல காய்ச்சுறது குற்றம். அங்கருந்து கேக்குறவங்க இதை சோடா கெக்குக்கு வெச்சுக்கோங்க, கனெக்‌ஷன் எல்லாம் ஒண்ணுதான். இந்த 19 லிட்டர் கெக் பொறந்ததே கூல்டிரிங்க் வியாபாரத்துக்காகத்தான்.

நம்ம ஊர்ல கேஸ் சிலிண்டர் மாத்தினதும் சோப்புத் தண்ணி தடவிப் பாப்பாங்க இல்லையா, இங்கயும் அதே வைத்தியம்தான். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். சமையல் கேஸ் கசிஞ்சா மூக்குக்குத் தெரியணும்னே அதுல வாசனை சேக்குறாங்க. கார்பன் டை ஆக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, காத்தை விட கனம் வேற, தரையோரமாத் தேங்கும். 5 பவுண்டு சிலிண்டர்ல இருக்குறது சுமார் 1,200 லிட்டர் கேஸ். பத்துக்கு எட்டு அடி ரூம், கதவு ஜன்னல் சாத்தியிருக்கு, மொத்தமும் வெளிய வந்துடுச்சுன்னா அந்த ரூம் காத்துல அது 6 சதவீதத்தைத் தாண்டிடும். உயிருக்கு உடனடி ஆபத்துன்னு இங்க வேலையிடப் பாதுகாப்புல குறிச்சிருக்குறது 4 சதவீதம். மெதுவாக் கசிஞ்சா அவ்வளவு சேராது, காத்தோட கலந்து போயிடும். ஆனாலும் பேஸ்மென்ட்லயோ மூடுன அலமாரி ரூம்லயோ கெக் வெச்சிருக்கவங்க ஒரு CO₂ அலாரம் தரைக்குப் பக்கத்துல மாட்டியே ஆகணும். நான் இதுல பிடிவாதம்.

இப்போ தேடலாம். சிலிண்டர் மீட்டரைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள கேஸ் திரவமாத்தான் இருக்கு, அதனால கடைசிச் சொட்டு தீருற வரைக்கும் ரூம் சூட்டுல அது 850 பிஎஸ்ஐ பக்கத்துலயேதான் நிக்கும். ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சா 550க்கு இறங்கும், அது கசிவு இல்ல, குளிர். எவ்வளவு மிச்சம்னு தெரியணும்னா தராசுல வைங்க. வெறும் சிலிண்டரோட எடை கழுத்துல குத்தியிருக்கும், அதைக் கழிச்சுட்டா போதும்.

அடுத்தது, எந்தப் பக்கம் கசியுதுன்னு பிரிச்சுப் பாக்கணும். கெக்கைக் கழட்டிடுங்க. ரெகுலேட்டரையும் ஹோஸையும் மட்டும் அழுத்தத்துல வெச்சு, சிலிண்டர் வால்வை மூடிட்டுத் தூங்கப் போங்க. காலையில முள்ளு இறங்கியிருந்தா, கோளாறு சிலிண்டர்லருந்து டிஸ்கனெக்ட் வரைக்குமான பாதையில. இறங்கலைன்னா கெக்குல. பியர் இருக்குற கெக்கை மாட்டி இந்தச் சோதனையப் பண்ணாதீங்க. குளிர்ந்த பியர் கேஸை உறிஞ்சும், முள்ளு தானா இறங்கும், நீங்க இல்லாத ஓட்டையத் தேடிட்டிருப்பீங்க.

பாதையில முதல் சந்தேகம் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேருற இடத்து வாஷர் மேல. ஃபைபர் வாஷர்னா ஒவ்வொரு முறை சிலிண்டர் மாத்தும்போதும் புதுசு போடுங்க. அப்புறம் ஹோஸ் கிளாம்ப். டிஸ்கனெக்டைத் தண்ணி பக்கெட்டுல முக்கிப் பாருங்க, பஞ்சர் கடையில ட்யூபை முக்குற மாதிரி. ஃபிளேர் திருகு கசியுதுன்னு டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. அங்க கசிவை அடைக்குறது திருகோட மரை இல்ல, உலோக முகமும் அந்த சின்ன நைலான் வாஷரும்தான். டேப் சுத்தினா அது சரியா உக்காரக்கூட விடாது.

கெக்குல, மூடிக்கு ஒண்ணு, ரெண்டு போஸ்டுக்கு வெளிய ஒண்ணு ஒண்ணு, உள்ள ரெண்டு குழாய்க்கும் ஒண்ணு ஒண்ணு, ஆக அஞ்சு ஓ-ரிங். முழு செட்டே சில டாலர்தான். புது ரெகுலேட்டருக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி இதை மாத்திப் பாருங்க. பழைய மூடி வளையம் குறைஞ்ச அழுத்தத்துல கசியும். உணவுத் தர சிலிகான் கிரீஸ் லேசாத் தடவி, மூடியை மேல இழுத்துப் பிடிச்சு 30 பிஎஸ்ஐ குடுத்தா உக்காந்துடும். வாஸலின் வேண்டாம், பெட்ரோலியம் பட்டா ரப்பர் ஊதிப்போகும்.

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு, கேஸைக் கழட்டிட்டு ரிலீஃப் வால்வை இழுத்து உள்ள இருக்குற அழுத்தத்தை முழுசா விட்டுடுங்க. அழுத்தத்தோட போஸ்டைக் கழட்டினா அது தோட்டா மாதிரி முகத்துக்கு வரும். கழட்டினதும் எது எந்தப் பக்கம்னு குழம்பினா, நிறைய கெக்குல கேஸ் போஸ்ட் அடியில சின்ன வெட்டு இருக்கும். சாம்பல் டிஸ்கனெக்ட் கேஸுக்கு, கறுப்பு பியருக்கு. மாத்திச் செருகினா மாட்டிக்கும், எடுக்கவே முடியாது.

இன்னொண்ணு, சொட்டாத கசிவும் இருக்கு. ஊத்தும்போது வெறும் நுரையா வருது, லைன் நீளம் சரி, குளிரும் சரின்னா, பியர் குழாய்க்கு மேல இருக்குற அந்தக் குட்டி ஓ-ரிங்கைப் பாருங்க. அது கிழிஞ்சிருந்தா மேல இருக்குற கேஸ் நேரா பியர் லைனுக்குள்ள புகுந்துடும். வெளிய ஒரு குமிழியும் வராது, சோப்புத் தண்ணியும் காட்டிக்குடுக்காது.

எல்லாம் மாத்தின பிறகு திரும்ப ஒரு ராத்திரி அழுத்தச் சோதனை. முள்ளு அசையலைன்னா சிலிண்டரை எடை போட்டு, தேதியோட மாஸ்கிங் டேப்ல எழுதி ஒட்டுங்க. அடுத்த எபிசோட்ல பியர் லைன் கழுவுறதப் பத்திப் பேசலாம்.