ஓடாத எஞ்சினை ஓட வைப்போம்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய மாதம் வக்கீல் உயில் எழுதுவது பற்றிப் பேசினார். இந்த மாதம் பொம்மை ரயில். தலைப்பைப் பார்த்துவிட்டு, "சார், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?" என்று லிஃப்டில் சிலர் கேட்டார்கள். தாராளமாக வரலாம். ஆனாலும் இன்றைய பேச்சு முக்கியமாக நம்மைப் போல் கையில் நேரம் இருப்பவர்களுக்குத்தான்.

மாதிரி ரயில் எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்து தண்டவாளத்தில் வைத்ததும் ஓடுவது ஒரு வகை. மோட்டார், பல்சக்கரம் எல்லாம் உள்ளேயே இருக்கும்; விலையும் அதற்கேற்றபடி இருக்கும். இன்னொன்று அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு மட்டும். உருவம் இருக்கும், உயிர் இருக்காது. முதல் வகையின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதற்கு. இந்த இரண்டாவது வகையை வாங்கி, அறுத்து, திருத்தி, ஓட வைப்பதுதான் என் பொழுதுபோக்கு.

"காசு மிச்சம் பிடிக்கத்தானே?" என்பார்கள். முப்பத்தைந்து வருடம் பேரேட்டைப் பார்த்தவன் அந்தக் கணக்கைப் போடாமல் இருப்பேனா? மோட்டாரும் உலோகச் சக்கரமும் தனியாக வாங்கினால் மிச்சம் பாதியாகக் குறைந்துவிடும். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. விலை உயர்ந்த எஞ்சின் மேல் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராது. அது பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். மலிவான எஞ்சின் என்றால் பயம் இல்லாமல் கை வைக்கலாம். கை வைத்தால்தான் தொழில் படியும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

உதாரணத்துக்கு என் மேஜையில் இருக்கும் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 'பக்' என்று செல்லப் பெயர் பெற்ற குட்டி எஞ்சின் இது. லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே என்ற கம்பெனிக்காக ஆஸ்பினால் என்ற பொறியாளர் வடிவமைத்தது. ஹார்விச் பணிமனையில் 1891 முதல் 1910 வரை 57 எஞ்சின்கள் கட்டினார்கள். மொத்தம் நான்கே சக்கரங்கள். கொதிகலன் மேல் குதிரைச் சேணம் போட்டதுபோல் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்திருக்கும். துறைமுகங்களிலும் தொழிற்சாலை ஓரங்களிலும் உள்ள கூரிய வளைவுகளில் சரக்கு வண்டிகளை இழுப்பதும் தள்ளுவதும்தான் இதன் வேலை. அந்த 57-இல் இரண்டு எஞ்சின்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

இதன் பிளாஸ்டிக் கிட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ரோஸ்பட் என்ற பொம்மைக் கம்பெனி 1950-களின் கடைசியில் கிட்மாஸ்டர் என்ற பெயரில் ரயில் எஞ்சின் கிட்டுகளைக் கொண்டுவந்தது. 1962-இல் அந்த வியாபாரம் ஏர்ஃபிக்ஸ் கைக்குப் போனது. பிற்பாடு அச்சுகள் டாபோல் கம்பெனிக்கு வந்தன. ஆக, நான் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுகளின் அச்சுக்கு ஏறக்குறைய நம் வயது.

இப்போது கொஞ்சம் கணக்கு. இந்த அளவில் நிஜத்தின் 1 அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது சுமார் 76-இல் ஒரு பங்கு. பக் எஞ்சினின் சக்கரம் சுமார் 3 அடி. மாதிரியில் 12 மி.மீ. இங்கிலாந்தின் தண்டவாள இடைவெளி 4 அடி எட்டரை அங்குலம். கணக்குப்படி அது 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.தான். காரணம் இதுதான்: இங்கிலாந்து எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார்கள் அதற்குள் அடங்கவில்லை. அதனால் உடலைக் கொஞ்சம் பெரிதாக்கி, தண்டவாளத்தை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சமரசம் இன்றுவரை தொடர்கிறது.

"நம் ஊர் எஞ்சின் செய்யக்கூடாதா?" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். நம் அகல ரயில் பாதை 5 அடி 6 அங்குலம். இதே அளவில் 22 மி.மீ. வேண்டும். கடைத் தண்டவாளம் உதவாது. தண்டவாளத்தையே நாம் செய்ய வேண்டும். அது இரண்டாம் வகுப்புப் பாடம். முதல் வகுப்பை முடித்துவிட்டு அங்கே போகலாம்.

சரி, ஓடாததை ஓட வைப்பது எப்படி? மூன்று வழிகள்.

முதல் வழி, வேறொரு பழைய எஞ்சினின் அடிச்சட்டத்தை மோட்டாரோடு வாங்கி, நம் உடலை அதன்மேல் உட்கார வைப்பது. வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் குறுக்களவு, ஒரு அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் உள்ள தூரம். இவை இரண்டும் பொருந்தினால் மீதியை அரத்தால் ராவிச் சரிக்கட்டலாம். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, பித்தளைத் தகட்டில் நாமே அடிச்சட்டம் அறுப்பது. பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்துத் தண்டு மேலே இருந்தால் மறுபக்கத்துத் தண்டு கால் சுற்று தள்ளி இருக்கும். ஒரு பக்கம் தள்ள முடியாத நிலைக்கு வரும்போது மறுபக்கம் தள்ளுவதற்காக அந்த ஏற்பாடு. அலமாரி எஞ்சினில் சக்கரத்தை எப்படி ஒட்டினாலும் கேட்பார் இல்லை. ஓடும் எஞ்சினில் எல்லா அச்சிலும் இந்தக் கால் சுற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிச் சுற்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. எஞ்சினுக்குள் மோட்டாரே வைக்காதீர்கள். பின்னால் வரும் மூடிய சரக்கு வண்டிக்குள் மோட்டாரை வையுங்கள். அந்த வண்டி எஞ்சினை முன்னால் தள்ளும், மற்ற வண்டிகளைப் பின்னால் இழுக்கும். பார்ப்பவர்களுக்கு எஞ்சின்தான் இழுப்பதாகத் தோன்றும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கிட்மாஸ்டர் கம்பெனியே அந்தக் காலத்தில் மோட்டார் வைத்த சரக்கு வண்டி ஒன்றை இதற்காக விற்றது. பக் போன்ற குட்டி எஞ்சினுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பல அலுவலகங்களில் முன்னால் நிற்பவர் ஒருவர், தள்ளுபவர் இன்னொருவர் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

எந்த வழியானாலும் மூன்று விதிகள் பொது. ஒன்று, பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுங்கள். இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 14.5 மி.மீ. இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தண்டவாளம் பிரியும் இடத்தில் தடம் புரளும். இரண்டு, மோட்டாருக்கான 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் வருகிறது. சக்கரத்தின் முதுகில் மெல்லிய வெண்கலக் கம்பி ஒன்று லேசாக உரசி அதை வாங்கிக்கொள்ளும். அழுத்தி உரசினால் அதுவே பிரேக் ஆகிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தண்டவாளம் சீக்கிரம் மங்கும். வாரம் ஒரு முறை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். மூன்றாவது எடை. மோட்டார் உள்ள வண்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுக்கும். அதற்குமேல் சக்கரம் வழுக்கும். ஆகவே காலியிடத்தில் எல்லாம் ஈயத் துண்டு வையுங்கள். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் செய்வதானால் ஈயம் வேண்டவே வேண்டாம். இரும்பு நட்டுகள் போதும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. பக் எஞ்சின் மணிக்கு 10 மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது நொடிக்குச் சுமார் 6 சென்டிமீட்டர். 4 அடி மேஜையைக் கடக்க 20 நொடி ஆக வேண்டும். அதற்குமேல் வேகமாக ஓடினால் எவ்வளவு நகாசு வேலை செய்திருந்தாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

இனி அந்த நகாசு வேலை. மலிவு மாதிரிகளில் கைப்பிடிக் கம்பிகள் உடலோடு ஒட்டி மேடாக வார்க்கப்பட்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, சின்னத் துளைகள் போட்டு, பித்தளைக் கம்பி பொருத்துங்கள். நிஜத்தில் ஒன்றேகால் அங்குலக் கம்பி, மாதிரியில் சுமார் 0.4 மி.மீ. கம்பிக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலே எஞ்சினின் முகம் மாறிவிடும். செலவும் மிகக் குறைவு.

ஜன்னலுக்குக் கண்ணாடி போல் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டுங்கள். இதற்கு உடனடிப் பசை கூடாது. அதன் ஆவி பட்டால் தாள் வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. வண்ணம் பூசுவதற்கு முன் உடலைச் சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு மேல். கறுப்பு எஞ்சினுக்குச் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். சின்ன உருவத்தில் அது மை கொட்டினாற்போல் இருக்கும். கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்தால் உருவத்தின் விளிம்புகள் தெரியும். பின்னால் டெண்டர் உள்ள பெரிய எஞ்சினானால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கரியை நிஜ நிலக்கரித் தூளால் மூடுங்கள். நம் தெரு இஸ்திரி வண்டிக்காரரின் அடுப்புக்கரியில் அந்தப் பளபளப்பு இல்லை.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேதியைக் குறியுங்கள். பேலன்ஸ் ஷீட்டின் தலைப்பில் 'மார்ச் 31 அன்று உள்ளபடி' என்று போடுவோம் அல்லவா? தேதி இல்லாத பேலன்ஸ் ஷீட்டுக்கு அர்த்தம் இல்லை. மாதிரியும் அப்படித்தான். ஒரே பக் எஞ்சின் 1923-இல் எல்.எம்.எஸ். ரயில்வேயின் சொத்தானது. அங்கே அதற்கு 11218 என்று ஒரு எண். 1948-இல் ரயில்வே அரசுடைமை ஆனதும் அந்த எண்ணோடு 40000 கூட்டி 51218 ஆக்கினார்கள். 1956-க்குப் பிறகு பிரிட்டிஷ் ரயில்வேயின் சின்னமே மாறியது. 51218 என்று எண் போட்டு, பக்கத்தில் எல்.எம்.எஸ். என்று எழுதினால் அது இரண்டு வருடத்துக் கணக்கை ஒரே தாளில் எழுதியது போல. தேதி ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் எழுத்து, எண், சின்னம், அழுக்கு எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு வரும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் தீரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிளப் ஹவுஸின் பின்னறையில் உடைந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. அடுத்த பொதுக்குழுவில் அந்த அறையைக் கேட்ரிங்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது பற்றிப் பேசப் போகிறார்கள். சங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பது வரவு செலவு பார்த்த எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 160 வீடுகள் உள்ள இந்த வளாகத்தில் உளியோ, அரமோ, ரம்பமோ எடுத்து உட்கார ஒரு மேஜைகூட இல்லை. வீட்டு டைனிங் டேபிளில் பிளாஸ்டிக்கைச் சீவினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது 4 அடிக்கு 2 அடி மேஜை ஒன்று, ஒரு பிளக் பாயின்ட், காற்றோட்டத்துக்கு ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். கருவிகளும் முதல் இரண்டு கிட்டுகளும் என் பொறுப்பு. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் பெற்றோர் அனுமதியோடு வரலாம். கத்தி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். தையல் தெரிந்த அம்மாக்களும் வாருங்கள். 0.4 மி.மீ. கம்பியைத் துளையில் நுழைக்க உங்களைவிடத் தேர்ந்த கைகள் இந்தக் கட்டடத்தில் இல்லை.

அறையை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று பொருளாளர் கணக்குக் காட்டுவார். அதே கூட்டத்தில் இந்தக் கோரிக்கையையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதரவு உள்ளவர்கள் அன்று வந்து கையைத் தூக்குங்கள்.

இப்போது எஞ்சினை மேஜையில் வைக்கிறேன். யாராவது கடிகாரத்தைப் பார்த்து இருபது நொடி எண்ணிச் சொல்லுங்கள்.